பெயர்ந்த கடைகளும் பெயராத நிலமும்

'தொழில் இடமாற்றம்' என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருபவை பன்னாட்டு நிறுவனங்கள்தாம். ஒரு நாட்டில் கூலி உயர்ந்தால் தொழிற்சாலை இன்னொரு நாட்டுக்குப் போகிறது. ஓரிடத்தில் போர் மூண்டால் தலைமை அலுவலகம் வேறிடத்துக்கு மாறுகிறது. வணிகவியல் பாடநூல்களும் இவற்றையே எடுத்துக்காட்டுகளாகத் தருகின்றன. பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படித்த காலத்தில் நானும் அமெரிக்க, ஜப்பானிய நிறுவனங்களின் கதைகளைத் தேர்வுக்காக மனனம் செய்தேன். தமிழ் வணிகர்கள் இதே சோதனையை ஒரு நூற்றாண்டுக்குள் பலமுறை சந்தித்தவர்கள் என்பதை எந்த விரிவுரையிலும் நான் கேட்டதில்லை. வேலைக்குச் சென்ற பிறகு நானாகத் தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நெருக்கடிக் காலத்தில் ஒரு தொழில் எப்படிப் பிழைக்கிறது? இடம் பெயர்ந்தா, இருந்த இடத்திலேயே நின்றா? பர்மாவில் கடை நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வரலாற்றைக் கொண்டு இக்கேள்வியை விளக்க முயல்கிறேன். அதன் பிறகு நம் மலேசிய மண்ணில் நடந்த ஒரு நிகழ்வையும் அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

கொண்டுவிற்கப் போனவர்கள்

செட்டிநாட்டார் வணிகத்திற்காகக் கடல் கடந்து செல்வதைக் 'கொண்டுவிற்கப் போதல்' என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சி பரவிய இடங்களுக்கெல்லாம் அவர்கள் போனார்கள். கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், மோல்மேன், ரங்கூன் என்று அவர்கள் கடை வைத்த ஊர்களின் பட்டியல் நீளும். சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவை நம்மவர்கள் 'செட்டித் தெரு' என்றே அழைத்தனர். கோலாலம்பூரின் லெபோ அம்பாங் வட்டாரத்திலும் அவர்களுடைய கடைகள் வரிசையாக இருந்தன.

அவர்களுடைய தொழில் அமைப்பு எளிமையானது. முதல் போட்டவர் ஊரில் இருப்பார். கடையை நடத்த ஓர் ஏஜெண்டை மூன்றாண்டுக் காலத்துக்கு அனுப்புவார். அவருக்குக் கீழே அடுத்தாள், கடைசியில் பெட்டியடிப் பையன். கிட்டங்கி எனப்படும் நீண்ட கூடத்தில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டி, ஒரு சாய்வு மேசை, சில பேரேடுகள். அவ்வளவுதான் கடை. ஏஜெண்டு ஐந்தொகை தயாரித்து முதலாளிக்கு அனுப்புவார். ஐந்தொகை என்பது இன்றைய இருப்புநிலைக் குறிப்பு. எவ்வளவு கொடுத்திருக்கிறோம், எவ்வளவு வாங்கியிருக்கிறோம், எவ்வளவு மிச்சம் என்பதை ஒரே தாளில் அது காட்டிவிடும். ரங்கூனில் மாதந்தோறும் கோயிலில் கூடி, தங்களுக்குள் கொடுக்கல் வாங்கலுக்கான நடப்பு வட்டியையும் முடிவு செய்தார்கள்.

ஒரு கடைக்குப் பணம் குறைந்தால் பக்கத்துக் கடை கொடுக்கும். எழுத்தைவிடச் சொல்லுக்கே அங்கு மதிப்பு. 'விலாசம்' என்று அவர்கள் சொன்ன கடைப் பெயரின் முதலெழுத்துகளே ஓர் உத்தரவாதம்.

இந்த அமைப்பு மிகப் பெரிதாக வளர்ந்த இடம் பர்மா. 1852-இல் கீழ்ப் பர்மாவும் ஆங்கிலேயர் வசமானது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. ஐராவதி ஆற்றின் கழிமுகக் காடுகள் திருத்தப்பட்டு நெல்வயல்களாயின. காடு திருத்தவும் மாடு வாங்கவும் விதை வாங்கவும் பர்மிய உழவருக்குக் கடன் தேவைப்பட்டது. ஐரோப்பிய வங்கிகள் ஏற்றுமதியாளருக்குத்தான் கடன் கொடுத்தன. சேற்றில் நிற்பவரை அவை திரும்பிப் பார்க்கவில்லை. அந்த இடத்தைச் செட்டியார்கள் நிரப்பினார்கள். 1929-30-இல் ஆராய்ந்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழுவின் கணக்குப்படி, அங்கே சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அவற்றின் மூலதனம் ஏறத்தாழ 75 கோடி ரூபாய். அதில் பெரும்பகுதி அவர்களுடைய சொந்த முதல்.

கடன் நிலமான கதை

அந்தக் குழு ஆராய்ந்துகொண்டிருந்த வேளையில்தான் உலகப் பொருளாதார மந்தம் தொடங்கியது. நெல் விலை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்குகிறேன்.

ஓர் உழவர் இருபது ஏக்கர் நிலத்தை ஈடு வைத்து ஆயிரம் ரூபாய் கடன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நல்ல விலை விற்கும் காலத்தில் அறுவடைப் பணத்தில் வட்டியும் கட்டி அசலிலும் கொஞ்சம் குறைப்பார். விலை பாதியானால் அதே நெல்லுக்குப் பாதிப் பணம்தான் வரும்; கடன் மட்டும் பாதியாகாது. ஓராண்டு வட்டி நிற்கும், அடுத்த ஆண்டும் நிற்கும், பிறகு நிலம் கடன் கொடுத்தவர் பெயருக்கு மாறும்.

கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் பதின்மூன்றிலும் 1930-இல் செட்டியார்களிடம் இருந்த நிலம் மொத்தத்தில் 6 விழுக்காடு. 1938-இல் அது 25 விழுக்காடு. எட்டே ஆண்டுகளில் நான்கு மடங்கு!

மேலோட்டமாகப் பார்த்தால் இது பெருஞ்செல்வம் போலத் தோன்றும். கணக்கியல் மாணவர்கள் இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். கடன் கொடுப்பவருக்கு நிலம் தேவையில்லை. பணம் திரும்பி வர வேண்டும், அதை மீண்டும் கடனாகக் கொடுக்க வேண்டும். செட்டியார்கள் உழத் தெரிந்தவர்களும் அல்லர். நிலம் கைக்கு வந்தது அவர்கள் தொழில் செழித்ததன் அடையாளம் அன்று. தொழில் முடங்கியதன் அடையாளம். ஐந்தொகையில் சொத்துப் பக்கம் பெரிதாகவே இருந்தது. ஆனால் அதில் ரொக்கம் இல்லை. விற்கலாம் என்றால் வாங்குவதற்கு ஆள் இல்லை. விலை ஏறட்டும் என்று பலர் காத்திருந்தார்கள். அன்றைய நிலையில் நானும் காத்திருந்திருப்பேன் என்றே நினைக்கிறேன்.

இன்னொரு பக்கத்தையும் நாம் மறைக்கக் கூடாது. நிலத்தை இழந்த பர்மிய உழவருக்கு இது வாழ்வையே பறித்த நிகழ்ச்சி. தன் வயலிலேயே குத்தகைக்காரராக நின்றவருக்கு உலகச் சந்தை கண்ணுக்குத் தெரியாது. பத்திரத்தில் இருந்த செட்டியார் பெயர்தான் தெரியும். 1930-இலும் 1938-இலும் இந்தியர்களுக்கு எதிரான கலவரங்கள் வெடித்தன. செட்டியார் என்ற சொல்லே அரசியல் மேடைகளில் வசைச்சொல்லானது.

முன்கூட்டியே நகர்ந்தவர்கள்

எல்லாரும் காத்திருக்கவில்லை. அ. மு. முருகப்பச் செட்டியார் 1900-இல் பர்மாவின் மோல்மேன் நகரில் வட்டிக்கடை தொடங்கியவர். அவருடைய குடும்பம் 1930-களில், ஜப்பானியர் படையெடுப்புக்கு முன்பே, தன் முதலைப் பர்மாவிலிருந்து இந்தியாவுக்கு நகர்த்தத் தொடங்கிவிட்டது. நகர்த்திய பணத்தைக் கொண்டு ஊரில் இன்னொரு வட்டிக்கடை போடவில்லை என்பதுதான் முக்கியம். உற்பத்தித் துறைக்குப் போனார்கள். 1949-இல் ஆங்கில நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து மிதிவண்டித் தொழிற்சாலை தொடங்கினார்கள். 1954-இல் உராய்பொருள் தயாரிக்கும் கார்போரண்டம் யுனிவர்சல் வந்தது. 1788-இல் வேல்ஸ் நாட்டவர் ஒருவர் சென்னையில் தொடங்கிய பாரி நிறுவனமும் 1981-இல் அவர்கள் கைக்கு வந்தது.

இரண்டாவது எடுத்துக்காட்டு எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். 1937 பிப்ரவரி 10-ஆம் நாள் அவர் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கிளைகள் திறக்கப்பட்டன. அடுத்துப் பினாங்கில் ஒரு கிளை. அந்த நாளை நாட்காட்டியில் பாருங்கள். பர்மா இந்தியாவிலிருந்து அரசியல் முறையில் பிரிக்கப்பட்டது 1937 ஏப்ரல் முதல் நாள். இரண்டு மாதம்கூட இடைவெளி இல்லை. ஒரே நாட்டுக்குள் நடந்த பண மாற்றம் இனி இரு நாடுகளுக்கிடையே நடக்கப் போகிறது. அதற்குக் குடும்ப விலாசமும் உண்டியலும் போதாது, அந்நியச் செலாவணி அறிந்த ஒரு வங்கி வேண்டும். அவர் செய்ததை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அவர் 1954-இல் சிங்கப்பூர் காலாங் விமான நிலையத்தில் நடந்த விமான விபத்தில் உயிரிழந்தார்.

அந்த வங்கியின் மலேசியக் கிளைகளுக்கும் பின்னாளில் ஓர் இடமாற்றம் வாய்த்தது. 1969-இல் இந்திய அரசு அவ்வங்கியை நாட்டுடைமையாக்கியது. அயல்நாட்டு அரசுக்குச் சொந்தமான வங்கி இங்கே இயங்க மலேசியச் சட்டம் இடம் தரவில்லை. எனவே 1973-இல் இந்திய வங்கிகளின் மலேசியக் கிளைகள் இணைந்து யுனைடெட் ஏசியன் வங்கி உருவானது. அது 1991-இல் பேங்க் ஆஃப் காமர்ஸ் வங்கியோடு இணைந்தது. அந்த வழியில் இன்றைய சிஐஎம்பி வரை வந்திருக்கிறது. பெயர் பலமுறை மாறினாலும் வைப்புக் கணக்குகள் தொடர்ந்தன.

காத்திருந்தவர்கள்

1941 டிசம்பர் 23-ஆம் நாள் ரங்கூன் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. நான்கைந்து லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். கப்பலில் இடம் கிடைத்தவர்கள் சிலர். மற்றவர்கள் அஸ்ஸாம், மணிப்பூர் நோக்கிக் காட்டு வழியே நடந்தார்கள். பசியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டவர்கள் பல்லாயிரம் பேர். அவர்களில் பெரும்பாலோர் வணிகர்கள் அல்லர். துறைமுகக் கூலிகளும் ஆலைத் தொழிலாளர்களும்.

போருக்குப் பின் திரும்பிப் போன செட்டியார்கள் நிலத்தை மீட்க முடியவில்லை. விடுதலை பெற்ற பர்மா 1948-இலேயே நில நாட்டுடைமைச் சட்டம் இயற்றியது. ஈட்டுத்தொகை சட்டத்தில் இருந்தது. கைக்கு வந்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை. நே வின் ஆட்சியில் 1963-இல் வங்கிகளும் 1964-இல் கடைகளும் அரசுடைமையாயின. எஞ்சியிருந்த தமிழர்களில் பலர் அப்போது கப்பலேறினார்கள். சென்னையின் பர்மா பஜார் அவர்களுக்காக எழுந்த கடைத்தெருதான்.

மலாயாவிலும் வணிகர்கள் தப்பிவிடவில்லை. போருக்கு முன் நல்ல வெள்ளியில் வாங்கிய கடனைச் சிலர் வாழைமரப் படம் போட்ட ஜப்பானிய நோட்டில் அடைத்தார்கள். அந்த நோட்டு 1945-இல் வெறும் காகிதமானது. காலம் செல்லச் செல்ல மதிப்பிழந்த அந்த நோட்டில் கட்டிய தொகையை எப்படிக் கணக்கிடுவது என்று தீர்க்க 1948-இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. ஆக, நிலம் மட்டுமன்று, ரொக்கமும் செத்துப் போகக்கூடும். எந்த அரசின் ரொக்கம் என்பதும் ஒரு கேள்விதான்.

எது பெயர்ந்தது?

இருதரப்பாரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புலனாகிறது. இரு தரப்பாரும் ஒரே ஊர்க்காரர்கள். ஒரே முறையில் கணக்கெழுதியவர்கள். அறிவிலோ உழைப்பிலோ பெரிய வேறுபாடு இருந்திருக்க முடியாது. வேறுபாடு அவர்களுடைய முதல் எந்த வடிவத்தில் இருந்தது என்பதிலும், அது உறைந்து போகுமுன் கைவைத்தார்களா என்பதிலும்தான்.

பணம் பெயரும், ஆனால் காலத்தோடு நகர்த்தினால்தான். கணக்கறிவு எங்கும் பெயரும். பேரேடு எழுதத் தெரிந்தவருக்கு மிதிவண்டி ஆலையின் செலவுக் கணக்கு புரிய நெடுநாள் ஆகாது. விலாசத்தின் மீது பிறருக்கிருந்த நம்பிக்கையும் பெயர்ந்தது. புதிய தொழிலுக்குப் பங்கு சேர்க்கும்போதும் வைப்புத்தொகை திரட்டும்போதும் அதுதான் முதலாக நின்றது. நிலமும் கட்டடமும் பெயரவில்லை. வராத கடன் பெயரவே இல்லை.

நெருக்கடி வந்த பிறகு எங்கே போகலாம் என்று யோசிப்பது தப்பியோடுவதாகும். நம் உடைமையில் எவை நம்முடன் வரும், எவை வாரா என்பதை நல்ல காலத்திலேயே பிரித்து அறிந்திருப்பதுதான் மீள்திறன். இதுவே இவ்வரலாற்றிலிருந்து நான் கற்றது.

பெயர முடியாதவர்கள்

இவ்வளவும் முதல் உள்ளவர்களின் கதை. உழைப்பைத் தவிர வேறொன்றும் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? இதற்கு விடை நம் நாட்டு ரப்பர் தோட்டங்களில் இருக்கிறது.

1950-களில் மலாயா விடுதலையை நெருங்கியபோது ஐரோப்பியத் தோட்ட முதலாளிகள் சிலருக்கு எதிர்காலம் பற்றி ஐயம் எழுந்தது. தோட்டங்களை விற்று முதலை எடுத்துச் செல்லத் தொடங்கினார்கள். அவர்களுக்கு அது தொழில் இடமாற்றம். வாங்கியவர்கள் தோட்டங்களைச் சிறு துண்டுகளாக்கி விற்றார்கள். இதைத்தான் நம் முன்னோர் 'தோட்டத் துண்டாடல்' என்றனர். துண்டான நிலத்தில் அத்தனை பேருக்கு வேலை இல்லை. வேலை போனால் லயத்து வீடும் போகும். மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் உங்கு அசிஸ் 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை விரிவாக ஆராய்ந்தார்.

அந்தத் தொழிலாளர்களுக்குப் போக இடமில்லை. மூன்று தலைமுறையாக வாழ்ந்த மண் இதுதான். அப்போது அமைச்சராகவும் ம.இ.கா. தலைவராகவும் இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளர்களிடம் பங்குத் தொகை திரட்டப்பட்டது. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று பேசினார். 1961-இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பால்மரம் வெட்டியவர்களே அந்தத் தோட்டத்தின் பங்குதாரர்களானார்கள். அதன் பின் மேலும் பல தோட்டங்கள் வாங்கப்பட்டன.

பர்மாவையும் இதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பர்மாவில் பெயர முடியாத நிலம், பெயர்ந்துவிடக்கூடிய வெளியூர்க்காரர் கையில் இருந்தது. ஏஜெண்டு மூன்றாண்டில் ஊர் திரும்புபவர்; குடும்பத்தைக்கூட அழைத்து வராதவர். நெருக்கடி வந்தபோது அவருக்காகப் பரிந்து பேச உள்ளூரில் ஆளில்லை. இங்கோ பெயர முடியாத மக்கள், பெயர முடியாத நிலத்தைச் சேர்ந்து வாங்கினார்கள். தனியொருவருடைய பத்து வெள்ளியால் ஒரு மரத்தைக்கூட வாங்க முடியாது. ஆயிரக்கணக்கானோரின் பத்து வெள்ளி ஒரு தோட்டத்தையே வாங்கியது. போக வழி இல்லாதவர்களுக்குக் கூட்டுச் சேர்வதுதான் மீள்திறன்.

இன்றைய கடைகளுக்கு

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது நான் ஒரு சிறு கணக்காய்வு அலுவலகத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். எங்களிடம் கணக்குக் கொடுத்தவர்களில் பலர் நம்மவர்கள். அவர்களில் இருவரைப் பற்றி மட்டும் பெயர் குறிப்பிடாமல் சொல்கிறேன்.

ஒருவர் திருமண விருந்துச் சமையல் செய்பவர். மண்டபங்கள் மூடியதும் வருமானம் ஒரே நாளில் நின்றது. அவர் இரண்டே வாரத்தில் வாடகைச் சமையற்கூடத்தைக் காலி செய்தார், ஒரு வேனை விற்றார், சொந்த வீட்டு அடுப்படியிலிருந்து மதியச் சாப்பாடு கட்டி விற்கத் தொடங்கினார். அரிசிக்கடைக்காரர் மூன்று மாதம் கடனுக்குச் சரக்குக் கொடுத்தார். பதினைந்து ஆண்டுகளாகத் தவணை தவறாமல் பணம் கட்டியதற்குக் கிடைத்த பலன் அது. இன்று மீண்டும் கல்யாணச் சமையலுக்குப் போகிறார். மதியச் சாப்பாட்டையும் விடவில்லை.

மற்றவர் துணிக்கடைக்காரர். அதற்கு முந்தைய ஆண்டுதான் கையிலிருந்த சேமிப்பு முழுவதையும் போட்டு, மேலும் வங்கிக் கடன் வாங்கிக் கடைக் கட்டடத்தையே விலைக்கு வாங்கியிருந்தார். சொந்தக் கட்டடம் என்பது அவருடைய முப்பதாண்டுக் கனவு. தீபாவளிக்கு வாங்கி வைத்த சரக்கு தேங்கியது. கடன் தவணைக்கு வங்கிகள் கொடுத்த ஆறு மாத ஒத்திவைப்பு முடிந்ததும் கட்டடத்தை நட்டத்துக்கு விற்றார். அவருடைய ஐந்தொகையைத் தட்டச்சு செய்தபோது ரங்கூன் கடைகள்தாம் என் நினைவுக்கு வந்தன. சொத்துப் பக்கம் பெரிய எண். ரொக்கம் என்ற வரியில் நான்கு இலக்கம்கூட இல்லை. அவர் சோம்பேறியும் அல்லர், ஊதாரியும் அல்லர்.

தம்பி தங்கையரே, உங்களில் பலருடைய வீட்டில் ஒரு கடையோ பட்டறையோ உணவகமோ இருக்கும். சிலர் பட்டம் வாங்கிய பின் சொந்தத் தொழில் தொடங்குவீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை வருமான வரிக்காக எழுதும் அந்த ஐந்தொகையை எடுத்து, அதன் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு கேள்வியை எழுதிப் பாருங்கள்: 'நாளைக்கே கடையை மூட நேர்ந்தால் இது எத்தனை நாளில் ரொக்கமாகும்?' சில வரிகளுக்குப் 'பத்து நாள்' என்று விடை வரும். சிலவற்றுக்கு 'ஓர் ஆண்டு' என்று வரும். 'தெரியாது' என்று விடை வரும் வரிகள் பாதிக்கு மேல் இருந்தால் அப்பாவிடமும் அம்மாவிடமும் உட்கார்ந்து பேசுங்கள். ஐந்தொகையில் எழுத முடியாத ஒன்றையும் அப்போது கேளுங்கள்: நமக்குக் கையெழுத்தில்லாமல் சரக்குக் கொடுப்பவர்கள் எத்தனை பேர், நாம் அப்படிக் கொடுப்பது எத்தனை பேருக்கு?

பேரவைக்கும் ஒரு வேண்டுகோள். நம் தாத்தாக்கள் எழுதிய பேரேடுகள் இன்னும் சில வீடுகளின் பரணில் கிடக்கின்றன. தமிழ் எண்களில் எழுதப்பட்டவை. படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். தமிழ் படிக்கும் மாணவரும் கணக்கியல் படிக்கும் மாணவரும் சேர்ந்து அவற்றை வாசித்துப் பதிவு செய்தால், எந்தப் பாடநூலிலும் இல்லாத நெருக்கடிக் கால அனுபவம் நமக்குக் கிடைக்கும். வரும் விடுமுறையில் பரண் ஏறிப் பாருங்கள்.